மலையேறிய கால் கடலுக்குப் போதாது

பச்சைமலைக்கு வார இறுதிகளில் இளைஞர்களை அழைத்துப் போகும் ஒருவர், ஸ்கூபா பழகப் புதுச்சேரிக்குக் கிளம்பவிருந்த திருச்சிப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அறிவுரை சொல்லியிருக்கிறார். அதை அச்சடித்துக் கையிலும் கொடுத்திருக்கிறார். அந்தத் தாள் என்னிடம் வந்தது. அதன் சாரம் ஐந்தே கருத்துகள்.

அடிவாரத்துச் சோபனபுரத்திலிருந்து மலைமேல் இருக்கும் டாப் செங்காட்டுப்பட்டி வரை நடந்தே ஏறி இறங்குகிறவருக்கு இடுப்புப் பயிற்சி என்று தனியாக எதுவும் வேண்டாம். காலில் தசை பிடிப்பது உப்புக் குறைவால்தான். உப்புத் தண்ணீரும் வாழைப்பழமும் போதும். தூத்துக்குடியில் முத்துக் குளித்த நம் முன்னோர் எந்த ஜிம்முக்குப் போனார்கள்? நீருக்குள் பிடித்துக்கொண்டால் பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தால் தானாக விட்டுவிடும். கடலிலிருந்து திரும்பியதும் மறுபடி ஒருமுறை மலையேறினால் இறுகிய தசையெல்லாம் இளகிவிடும்.

முதல் மூன்றும் தவறு. கடைசி இரண்டும் உயிரோடு விளையாடுவது. பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள் நம்பிக் கேட்கும் இடத்தில் நின்று இப்படிப் பேசியதைச் சும்மா விட முடியாது. எனவே ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் மலை. பச்சைமலையின் மேல் எனக்கும் பிரியம் உண்டு. கோம்பை, வண்ணாடு, தென்புறநாடு என்று அந்த மலைநாடு முழுக்க மரவள்ளிக் காட்டுக்கும் முந்திரித் தோப்புக்கும் இடையே ஏறி இறங்கிப் பிழைக்கிற மக்களின் கால் வலு யாருக்கும் வராது. மலையேற்றம் இதயத்துக்கு நல்லது, மூச்சுக்கு நல்லது, பிட்டத்துக்கும் முன்தொடைக்கும் நல்லது. இதில் எனக்கும் அவருக்கும் தகராறு இல்லை. அந்த வலு அப்படியே கடலுக்குள் செல்லுபடியாகும் என்று அவர் சொல்கிறாரே, அங்கேதான் தகராறு.

மலையேறும்போது என்ன நடக்கிறது? பாதம் பாறையில் ஊன்றி நிற்கிறது. மடங்கிய தொடை நிமிர்கிறது, உடம்பு மேலே போகிறது. கால் உடம்புக்கு நேர் கீழே வந்ததும் அந்த அடியின் பெரும் வேலை முடிந்துவிடுகிறது. எதிர்த்து நிற்பது சொந்த எடை மட்டும். ஒவ்வோர் அடிக்கும் நடுவே தசைக்குச் சின்ன ஓய்வும் கிடைக்கிறது.

கடலுக்குள் பாதத்துக்கு ஊன்ற இடமில்லை. ஆள் குப்புறக் கிடக்கிறார். காலின் நுனியில் துடுப்புபோல் அகன்ற ஃபின் மாட்டியிருக்கிறது. அதாவது பலம் வர வேண்டிய இடுப்பு ஒரு கோடியிலும், பளு விழும் இடம் இன்னொரு கோடியிலும் இருக்கின்றன. தண்ணீர் காற்றைப்போல 800 மடங்கு அடர்த்தியானது. உதையின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் அதன் எதிர்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. ஃபினை மேலே தூக்கும்போது தொடை, உடம்பின் கோட்டைத் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அந்தக் கடைசிச் சில பாகைகளிலும் பிட்டப் பெருந்தசை வேலை செய்ய வேண்டும். மலையேற்றம் பெரும்பாலும் அங்கே போவதில்லை. ஃபினைக் கீழே அழுத்தும்போது முதுகெலும்பிலிருந்து தொடை எலும்புக்கு ஓடும் சோவாஸ் தசையும், முன்தொடைத் தசையும் நீட்டிய காலை நீரின் எதிர்ப்புக்கு எதிராக இழுக்க வேண்டும். மலையில் சோவாஸ் தூக்குவது மடங்கிய வெறுங்காலை, அதுவும் காற்றில். தவளை உதை என்றால் இன்னும் வேறு: தொடையை வெளியே திருப்பி விரிக்கும் பக்கவாட்டுத் தசைகளும், உள்ளே சேர்க்கும் உள்தொடைத் தசைகளும் வேலை செய்ய வேண்டும். ஒற்றையடிப் பாதையில் முன்னோக்கியே நடக்கிறவருக்கு இந்தத் தசைகளுக்கு இந்த அசைவில் பயிற்சி மிகக் குறைவு.

பகல் முழுக்க இந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்பதையும் அவர் யோசிக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்து, பேருந்தில் உட்கார்ந்து, கணினி முன் உட்கார்ந்து, தொடை முன்பக்கம் மடங்கியே கிடக்கிறது. அப்படிக் கிடக்கும் சோவாஸ் விறைத்துப் போய், தொடையைப் பின்னால் போக விடுவதில்லை. ஞாயிறு காலை மலையேறினாலும் அந்த விறைப்பு அப்படியேதான் இருக்கும், ஏனென்றால் ஏறும்போதும் தொடை முன்பக்கமே மடங்குகிறது.

இடுப்பு ஒத்துழைக்காதபோது நீருக்குள் என்ன ஆகிறது என்பதைப் புதிதாகப் பழகுகிறவரின் பின்னால் நீந்திப் பார்த்தால் தெரியும். முழங்கால் சைக்கிள் மிதிப்பதுபோல் மடங்கி மடங்கி நீளும். ஃபின் நீரைப் பின்னுக்குத் தள்ளாமல் மேலும் கீழும் அலையும். முன்னேற்றம் குறைவு, உதையோ அதிகம். அந்தக் குறையை ஈடுகட்டக் கணுக்காலை நீட்டி விறைப்பாக்கி, கெண்டைக்கால் தசையால் ஃபினைப் பிடித்துக்கொள்வார். தொடையின் பின்தசையும் பிட்டத்தின் வேலையைச் சேர்த்துச் செய்யும். இடுப்பின் பெருந்தசைகள் சும்மா இருக்க, கெண்டைக்காலும் பாதமும் பின்தொடையும் சுமையைத் தாங்குகின்றன. நீருக்குள் தசை பிடிக்கும் இடங்களைக் கேட்டுப் பாருங்கள்: கெண்டைக்கால், உள்ளங்கால், பின்தொடை. இது தற்செயல் இல்லை.

இனி உப்பு. இந்தக் கருத்துக்கு ஒரு நேர்மையான வரலாறு உண்டு, அதை அவர் அறிந்திருந்தால் இன்னும் கவனமாகப் பேசியிருப்பார். 1920-களில் பிரிட்டனின் வெக்கையான நிலக்கரிச் சுரங்கங்களில் வியர்வை ஆறாக ஓட உழைத்தவர்களுக்கும், கப்பல் உலைக்களத்தில் கரி அள்ளிப் போட்டவர்களுக்கும் கடும் தசைப்பிடிப்பு வந்தது. வியர்வையில் போன உப்பை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரைக் குடித்ததே காரணம் என்று கண்டு, உப்புக் கலந்த நீர் கொடுத்துப் பலன் கண்டார்கள். அதைப் பற்றி எழுதியவர்களில் ஜே. எஸ். ஹால்டேனும் ஒருவர். நீர்மூழ்குபவர்கள் எத்தனை நேரம், எந்த ஆழத்தில் நின்று மேலே வர வேண்டும் என்று 1908-ல் முதல் அட்டவணை வகுத்த அதே ஹால்டேன்.

அது மணிக்கணக்கில் வெக்கையில் வியர்த்தவர்களின் கதை. ஸ்கூபா இறங்குகிறவர் நீருக்குள் இருப்பது பெரும்பாலும் முக்கால் மணி நேரம். நம் கடல் வெதுவெதுப்பாக இருந்தாலும் உடம்பின் வெப்பத்தை அது காற்றைவிட 25 மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொள்கிறது. சுரங்கத்தொழிலாளியின் வியர்வைக் கணக்கை இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

உழைப்பினால் வரும் தசைப்பிடிப்பைத் தென்னாப்பிரிக்காவில் மார்ட்டின் ஷ்வெல்னஸும் அவருடைய குழுவினரும் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் ஆராய்ந்தார்கள். பிடிப்பு வந்தவர்களின் ரத்தத்தையும் வராதவர்களின் ரத்தத்தையும் பரிசோதித்தபோது, பிடிப்பை விளக்கும் அளவுக்கு உப்புகளிலோ நீர்ச்சத்திலோ வேறுபாடு இல்லை. 1997-ல் ஷ்வெல்னஸ் முன்வைத்த விளக்கம் இதுதான்: சோர்ந்த தசையில், அதைச் சுருங்கச் சொல்லும் நரம்புச் சைகை ஓங்குகிறது, தசைநாணிலிருந்து வரும் ‘போதும், தளர்’ என்ற சைகை மங்குகிறது. தசை ஏற்கெனவே குறுகிய நிலையில் இருந்தால் தசைநாண் இழுபடுவதில்லை, அதனால் அந்தத் தளர்த்தும் சைகை இன்னும் மங்குகிறது. ஃபினை நீட்டிப் பிடித்த கணுக்காலில் கெண்டைக்கால் தசை இருப்பது சரியாக அந்தக் குறுகிய நிலையில்தான்.

ஆய்வெல்லாம் வேண்டாம், இரண்டே கேள்விகளுக்கு அவர் பதில் சொல்லட்டும். ரத்தத்தில் உப்புக் குறைந்தால் அது உடம்பு முழுவதற்கும் குறைவு. பிடிப்பு மட்டும் ஏன் அதிகம் உழைத்த வலது கெண்டைக்காலில் வந்து நிற்கிறது? அடுத்தது, பிடித்த தசையை இழுத்து நீட்டினால் பெரும்பாலும் சில வினாடிகளில் விட்டுவிடுகிறது. அந்தச் சில வினாடிகளில் உப்பு எங்கிருந்து வந்தது? 2010-ல் அமெரிக்காவில் கெவின் மில்லர் குழுவினர் ஊறுகாய்ச் சாற்றைக் குடிக்க வைத்து நடத்திய ஆய்விலும் பிடிப்பு வெகு சீக்கிரம் தளர்ந்தது. குடித்த உப்பு குடலிலிருந்து ரத்தத்துக்குப் போயிருக்கவே முடியாத குறுகிய நேரம் அது. தொண்டையில் பட்ட புளிப்பு நரம்பு வழியாகச் செய்த வேலையாக இருக்கலாம் என்பதே அவர்களுடைய கருத்து. வாழைப்பழமோ செரித்துச் சேரவே அரை மணிக்கு மேலாகும். படகில் ஏறும்முன் தண்ணீர் குடியுங்கள், நீராகாரமோ கஞ்சியோ குடியுங்கள். உடலில் நீர் வற்றாமல் இருப்பது வேறு காரணங்களுக்காகவும் அவசியம். ஆனால் அதைப் பயிற்சிக்குப் பதிலாக வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கும் வயதில் மூத்தவர்களுக்கும் ‘உப்பைக் கூட்டு’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது அதைவிடப் பெரிய பொறுப்பின்மை.

மூன்றாவது, முத்துக் குளித்த முன்னோர். கைதட்டல் வாங்கும் வரி. மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் குளித்தவர்கள் இறங்கிய விதத்தைத் தெரிந்துகொண்டிருந்தால் இந்த உதாரணத்தை அவர் தொட்டிருக்க மாட்டார். அவர்கள் கயிற்றில் கட்டிய கனத்த கல்லில் கால் வைத்து இறங்கினார்கள். கல்தான் அவர்களைக் கீழே கொண்டுபோனது. சிப்பிகளைக் கூடையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைத்தால், படகில் நின்றவர் இழுத்து மேலே தூக்கினார். நீருக்குள் இருந்தது ஒரு நிமிடத்தைச் சுற்றி. காலில் ஃபின் கிடையாது, முதுகில் சிலிண்டர் கிடையாது, நீரோட்டத்தை எதிர்த்து நாற்பது நிமிடம் உதைக்கும் வேலையும் கிடையாது. அவர்களுடைய நெஞ்சுரமும் மூச்சடக்கமும் பெரிது. தொடைக்கும் பிட்டத்துக்கும் பளு விழாத ஒரு முறையைக் காட்டி, பளு விழும் முறைக்குப் பயிற்சி வேண்டாம் என்று வாதாடுவது அந்த முன்னோருக்கும் மரியாதை இல்லை. அவர்கள் சிறுவயதிலிருந்தே கடலில் வளர்ந்தவர்கள் என்பதும் மறந்துபோயிற்று. தூத்துக்குடிப் பக்கத்தின் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் முடிந்தது. திருச்சியிலிருந்து ஒரு சனிக்கிழமை பேருந்தேறிப் போகும் கல்லூரிப் பிள்ளைக்கும் அவர்களுக்கும் உடம்பளவில் என்ன ஒப்பு?

நான்காவது அறிவுரையைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. பிடித்துக்கொண்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உதை என்கிறார்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2,400 லிட்டர் காற்று. அமைதியாக நீந்துகிறவருக்கு மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு, எனவே செலவும் மூன்று மடங்கு: நிமிடத்துக்கு 60 லிட்டர். முழுதும் தீர 40 நிமிடம். அதே ஆள் வலியோடு மல்லுக்கட்டி உதைத்தால் மூச்சு வாங்கி, மேற்பரப்புக் கணக்கில் நிமிடத்துக்கு 50 லிட்டருக்குப் போவது எளிது. ஆழத்தில் அது 150 லிட்டர். முழுச் சிலிண்டரும் 16 நிமிடத்தில் காலி. பிடிப்பு வருவது பெரும்பாலும் களைத்த பிறகு, அதாவது பாதிச் சிலிண்டர் தீர்ந்த பிறகு. மேலே வரவும் காற்று மிச்சம் வேண்டும். இதற்கு மேல், வேகமாக மூச்சு வாங்கும்போது கரியமில வாயு தேங்கி, காற்று வரவே இல்லை என்ற பீதி கிளம்பும். பீதியில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்கிறவருக்கு நுரையீரல் கிழியலாம். ஒரு கெண்டைக்கால் பிடிப்பு இப்படித்தான் உயிர்ப் பிரச்சினை ஆகிறது.

செய்ய வேண்டியது எளிது, எந்த நல்ல பயிற்சிப் பள்ளியும் தொடக்க வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிறது. உதைப்பதை நிறுத்துங்கள். மூச்சை நீளமாக விடுங்கள். கை விரல்களை மூடித் திறந்து, மூடித் திறந்து துணைக்கு வருகிறவருக்குச் சைகை காட்டுங்கள். பிறகு பிடித்த இடத்தைச் சுட்டிக்காட்டுங்கள். முழங்காலை மடக்கி ஃபினின் நுனியைக் கையால் எட்டிப் பிடித்து, அதை உங்களை நோக்கி இழுத்தபடியே காலை மெதுவாக நீட்டுங்கள். கல்போல் திரண்டிருந்த தசை கைக்குக் கீழே தளர்வது தெரியும். எட்டவில்லை என்றால் துணைவர் உங்கள் ஃபினைத் தன் கையால் தள்ளிக் கொடுப்பார். தளர்ந்த பிறகும் சற்று நேரம் உதையை மாற்றுங்கள்: தவளை உதைக்குப் போங்கள், அல்லது நீரோட்டத்தோடு திரும்புங்கள். மறுபடி பிடித்தால் அன்றைய முழுக்கு முடிந்தது என்று மேலே வாருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது: கடலிலிருந்து வந்ததும் மலையேறு.

சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைகிறது. மேலே வந்த பிறகும் அது மணிக்கணக்கில் சிறிது சிறிதாகத்தான் வெளியேறும். அதற்குள் அழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால் கரைந்தது குமிழாகலாம். கடும் உடலுழைப்பும் குமிழ்களைக் கூட்டும். அதனால்தான் ஒரே ஒரு முழுக்குக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல முழுக்குகளுக்குப் பின் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்று நீர்மூழ்குவோர் பாதுகாப்பு அமைப்பான டான் வகுத்திருக்கிறது. விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 600 மீட்டர் உயரத்துக்கு மேற்பட்ட நிலப்பகுதியின் அழுத்தத்துக்குச் சமமாக இருக்கும் நிலைகளுக்கான விதி இது. மலைக்கும் அதே கணக்கு. பச்சைமலை கடல் மட்டத்திலிருந்து 500 முதல் 1,000 மீட்டர் வரை எழுகிறது. ஞாயிறு பிற்பகலில் புதுச்சேரியில் இரண்டாவது முழுக்கை முடித்து, இரவோடு இரவாக மலையடிவாரத்துத் துறையூருக்கு வந்து, விடியலில் மலை ஏறச் சொல்கிறார் இவர். உயரத்தையும் உழைப்பையும் ஒரே நேரத்தில் ஏற்றச் சொல்கிறார்.

இன்னொன்றும் உண்டு. முழுக்கு முடிந்த சில மணி நேரத்தில் இடுப்பிலோ முழங்காலிலோ தோளிலோ ஆழமான வலி வந்தால், காலில் மரத்துப்போதலோ பலவீனமோ வந்தால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால், அது சாதாரணத் தசைப்பிடிப்பாக இருக்காமல், அந்தக் குமிழ்களால் வரும் அழுத்த நோயாக இருக்கலாம். அதற்குத் தைலம் தேய்த்து நடக்க வைப்பது வைத்தியம் இல்லை. சுத்தமான ஆக்சிஜன் கொடுத்து, உடனே மருத்துவரைப் பார்த்து, தேவைப்பட்டால் அழுத்த அறைச் சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். நேரம் போனால் தண்டுவடப் பாதிப்பு நிலைத்துவிடலாம். ‘மலையேறினால் இளகும்’ என்று மனதில் பதிந்த பிள்ளை இந்த நேரத்தை மலைப்பாதையில் தொலைக்கும்.

மறுத்தால் மட்டும் போதாது, மாற்று என்ன என்று கேட்பார்கள். இதோ. தேவைப்படுவது ஒரு பாய், ஒரு படிக்கட்டு, ஒரு ரப்பர் பட்டை. வாரத்துக்கு மூன்று நாள், எட்டு வாரம்.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, குதிகாலை ஊன்றி இடுப்பைத் தூக்குங்கள். தோளிலிருந்து முழங்கால்வரை ஒரே கோடாக வர வேண்டும். 12 முறை, மூன்று சுற்று. இதுவே ஒரு பரிசோதனையும்கூட. தூக்கியதும் பின்தொடை இழுத்துப் பிடிக்கிறதா? அப்படியானால் பிட்டம் தன் வேலையைச் செய்யவில்லை, பின்தொடை தனியே சுமக்கிறது. மலையேறிப் பழகியவர்கள் சிலருக்கே இங்கே பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். குதிகாலை இன்னும் உடம்பருகே கொண்டுவந்து, பிட்டத்தை முதலில் இறுக்கிப் பிறகு தூக்குங்கள். எளிதானதும் ஒற்றைக் காலில் செய்யுங்கள்.

அடுத்து ஒருக்களித்துப் படுத்து, முழங்கால் மேல் ரப்பர் பட்டை மாட்டி, குதிகால்கள் ஒட்டியிருக்க மேல் முழங்காலைச் சிப்பி திறப்பதுபோல் திறந்து மூடுங்கள். இடுப்பு பின்னால் சாயக் கூடாது. தவளை உதைக்கு இது அடித்தளம். குப்புறப் படுத்து, முழங்காலை நீட்டியே வைத்து, தொடையை ஒரு சாண் தூக்கிச் சில வினாடி நிறுத்துங்கள். கீழ்முதுகு வளையாமல் பிட்டம் மட்டும் வேலை செய்ய வேண்டும். நின்றபடி பட்டையைப் பாதத்தில் மாட்டி, நீட்டிய காலை முன்னால் இழுங்கள். இது கீழ் உதைக்கான வலு. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, அந்தத் தொடையின் முன்பக்கம் நீளும்வரை உடம்பை முன்னே நகர்த்தி அரை நிமிடம் நில்லுங்கள். பகலெல்லாம் உட்கார்ந்து விறைத்த சோவாஸுக்கு இது தேவை. கடைசியாகப் படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, குதிகாலைப் படிக்குக் கீழே முழுக்க இறக்கி, மெதுவாக ஏற்றுங்கள். கெண்டைக்கால் தசை நீண்ட நிலையிலும் வலுவாக இருக்கப் பழகும்.

நான்கு வாரம் ஆன பிறகு நீச்சல் குளத்தில் ஃபின் மாட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு, உதை இடுப்பிலிருந்து வருகிறதா என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் சற்றே வளையலாம், மடங்கக் கூடாது. புதியவருக்கு விறைத்த நீள ஃபின் வேண்டாம். பாதத்தை இறுக்காத, வளைந்துகொடுக்கும் ஃபின் போதும். மூழ்குவதற்காக இடுப்பில் கட்டும் ஈய எடையை வேண்டியதற்கு மேல் கட்டினால் கால் தாழ்ந்து, உடம்பு சாய்ந்து, ஒவ்வோர் உதையும் வீணாகும். இதையும் கரையிலேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தால் பிடிப்பே வராது என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. இதுவரை கெண்டைக்கால் ஒன்றே சுமந்த பளு அதன் உரிய இடத்துக்குப் போகும், களைப்பு தள்ளிப்போகும், களைப்பில் வரும் பிடிப்பும் தள்ளிப்போகும். பிடித்தாலும் பதறாமல் ஃபின் நுனியை எட்டிப் பிடிக்க வளைந்துகொடுக்கும் இடுப்பு இருக்கும்.

மலையேற்றத்தை விடச் சொல்லவில்லை. கடலுக்குப் போகும் முந்தைய வாரங்களில் பச்சைமலைக்கு ஏறட்டும், மூச்சு வலுக்கட்டும். அது பயிற்சியின் ஒரு பகுதி. அதுவே முழுப் பயிற்சி என்று சொல்ல மலை தெரிந்தால் மட்டும் போதாது, கடலும் தெரிந்திருக்க வேண்டும். இவருக்கு மலை தெரியும். கடலைப் பற்றிக் கேட்டவர்களிடம் ‘அது எனக்குத் தெரியாது, தெரிந்தவரைக் கேளுங்கள்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் இந்த எதிர்வினைக்கே வேலை இருந்திருக்காது.

அந்தத் தாள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கிறது. அதன் நான்காவது, ஐந்தாவது கருத்துகளை அவர் அதே பிள்ளைகளைக் கூட்டி வைத்து, அதே குரலில், தவறு என்று அறிவிக்க வேண்டும். உப்பைப் பற்றியும் முன்னோரைப் பற்றியும் அவரோடு இன்னும் பத்து மேடையில் வாதாட நான் தயார். ஆனால் முழுக்கு முடித்த உடம்போடு மலையேறு என்ற அறிவுரை விவாதத்துக்குரிய கருத்து இல்லை. அடுத்த குழு கிளம்புவதற்கு முன் திரும்பப் பெற்றே ஆக வேண்டிய தவறு.